முன் வரிசை டிக்கெட்டும் நீ அனுப்பிய கோட்டும்

அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய என் மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் சுகம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன், ஏனென்றால் உடம்புக்கு முடியாதவர்களைத் திட்டுவது என் வழக்கமல்ல. உன் மனைவிக்கு முழங்கால் வலி தேவலையா? பெரியவன் வேலை தேடி அலைவதாக உன் அக்கா சொன்னாள். அவனை நான் கடைசியாகப் பார்த்தபோது என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். இந்தப் பக்கம் வேலை கிடைத்தால் லாட்ஜ், கீட்ஜ் என்று தேடாமல் நேரே இங்கே வரச் சொல். என் வீட்டுக் கதவு அவனுக்கு எப்போதும் திறந்தே இருக்கும். இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது. அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ அந்த மொத்த விலைத் துணிக்கடைக்கு மேலாளர் ஆன நாளிலிருந்து நம் குடும்பத்தில் ஒருவரும் தன் இஷ்டத்துக்கு ஒரு சட்டை வாங்கியதில்லை. உன் கடையில் எது விற்காமல் தேங்குகிறதோ அது கட்டோடு நமக்கு வந்துவிடும். போன வருடம் வந்தது தலைக்கு மூடி வைத்துத் தைத்த சாம்பல் நிறச் சட்டை. முதுகில் மஞ்சளாக ஒரு கழுகு. கழுகு என்று நீ சொன்னதால் கழுகு, எனக்கு அது கோழியாகத்தான் தெரிந்தது. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, உன் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று, என் மாப்பிள்ளைக்கு ஒன்று. நாம் எல்லோரும் சேர்ந்து நின்றால் தோற்றுப்போன பந்தாட்டக் குழு மாதிரி இருப்போம். துணி கதகதப்பாக இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை மாட்டிக்கொண்டுதான் தெருமுனையில் இருக்கும் பெரிய கடைக்கு ஒரு பல்பு வாங்கப் போனேன். அங்கே நடந்ததை உனக்குப் போனில் பாதிதான் சொன்னேன், மீதியை நீ சொல்ல விடவில்லை, இப்போது கேள்.

பல்புக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே வருகிறேன். என் முன்னால் ஒரு கும்பலே போகிறது. தள்ளுவண்டி நிறையச் சாமான், கையில் பை, தோளில் பை. ஒருவரையும் ஒன்றும் கேட்காமல் தலையாட்டி அனுப்பிய காவலாளி, என் முறை வந்ததும் கையைக் குறுக்கே நீட்டினான். "பையத் திறங்க" என்றான். திறந்தேன். "பாக்கெட்டு?" அதையும் காட்டினேன். என் மூக்குத்துடைக்கும் துணியை அவன் பார்க்க வேண்டியிருந்தது, அதற்கு நான் வருத்தப்படவில்லை. "எனக்கு முன்னாடி அத்தனை பேரு போனாங்களே, அவங்களை ஏன் கேக்கலை?" என்றேன். "போன வாரம் ஒருத்தன் திருடிட்டு ஓடிட்டான். பாக்க உங்களை மாதிரியே இருந்தான்" என்றான். "அவனுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டேன். "இருபது, இருபத்தஞ்சு." "உயரம்?" "உங்களை விட ஒரு அடி கூட இருப்பான்." "தலைமுடி?" "கறுப்பு, சுருட்டை." என் தலையில் மிச்சம் இருப்பது என்ன நிறம் என்று உனக்கே தெரியும். "அப்போ எதுலப்பா என்னை மாதிரி?" என்றேன். பல்பைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தான். பல்பைப் பார்க்கவில்லை, கையின் தோலைத்தான் பார்த்தான்.

மச்சான், நான் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கியவன். நான் எப்படிச் சந்தேகப்படுவேன் தெரியுமா? முதல் சீட்டில் ஆரம்பிப்பேன், கடைசி சீட்டில் முடிப்பேன். நடுவில் கோட்டுப் போட்டவர் இருந்தாலும் கிழிசல் போட்டவர் இருந்தாலும் ஒரே கேள்வி, "டிக்கெட்." ஒரு தடவை என் மேலதிகாரியின் மாமியாரிடமே கேட்டேன். அவர் கையில் டிக்கெட் இல்லை, எனக்குப் பதவி உயர்வும் இல்லாமல் போயிற்று, போகட்டும். கேட்டால் எல்லோரையும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் யாரையும் கேட்கக் கூடாது. ஆளைப் பார்க்காதே, டிக்கெட்டைப் பார். இதுதான் என் தொழில் எனக்குக் கொடுத்த ஒரே கொள்கை. உன் அக்காவிடம் கேள், எங்கள் குடியிருப்பு வாசலில் உட்காருகிற காவலாளிக்குக்கூட இதை நான்தான் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். முன்பெல்லாம் அவன் காரில் வருகிறவர்களுக்குச் சலாம் போட்டுவிட்டு நடந்து வருகிறவர்களை மட்டும் குடைவான். இப்போது எல்லோரையும் கேட்கிறான். என்னையே தினமும் கேட்கிறான், நானும் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன்.

அந்தக் கடை விஷயத்தைச் சொன்னதற்கு நீ போனில் என்ன சொன்னாய்? "அத்தான், தப்பு உங்க பேர்ல. தலைய மூடிக்கிட்டுக் கடைக்குப் போனா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆள் பாதி, உடுப்பு பாதி. நல்லா ஒரு கோட்டப் போட்டுட்டுப் போங்க, ஒரு பயல் கேக்க மாட்டான்." அந்தச் சட்டையை அனுப்பியவன் நீ. அதைப் போட்டதற்குத் தப்பு என் பேரிலா? என்று நான் கேட்பதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். வைத்த சூட்டோடு ஒரு கறுப்புக் கோட்டும் பார்சலில் வந்து இறங்கியது. உன் அக்கா அதை இஸ்திரி போட்டு, "என் தம்பிக்கு உங்க மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்றாள். பாசம் இருக்கட்டும், அந்தக் கோட்டு எனக்கு என்ன செய்தது என்பதைக் கேள்.

என் பேத்தி, அதாவது உன் அக்கா மகளின் சின்னவள், வயலின் கற்றுக்கொள்கிறாள் அல்லவா, அவளுக்கு முதல் மேடை நிகழ்ச்சி போன சனிக்கிழமை. இந்தக் குழந்தைக்கு ஒரு பழக்கம். வாசிக்கும்போது அவளுக்குத் தாளம் தப்பும். நான் எதிரே உட்கார்ந்து காலால் தட்டினால் தப்பாது. வீட்டில் எப்போதும் என் காலைப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பாள். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்கவில்லை. "தாத்தா, நீங்க முன்னால நடுவுல உக்காரணும். நீங்க இல்லைன்னா நான் வாசிக்க மாட்டேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முன் வரிசை, நடு நாற்காலி, அச்சடித்த டிக்கெட். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்கினேன் என்று உன் அக்கா கேலி செய்தாள். வாழ்க்கை முழுவதும் மற்றவர்கள் டிக்கெட்டைப் பார்த்தவன், எனக்கென்று ஒரு நல்ல டிக்கெட் கிடைத்தால் சும்மா இருப்பேனா.

அன்றைக்கு உன் அக்காவும் மகளும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார்கள். நான் குழந்தைக்கு ஒரு தலைப்பட்டி வாங்கிக்கொண்டு போகலாம் என்று, நீ அனுப்பிய கோட்டை மாட்டிக்கொண்டு, அதே பெரிய கடைக்குள் நுழைந்தேன். நுழைந்ததிலிருந்து ஒவ்வொருவராக வந்து "ஷாம்பு எங்க இருக்கு?", "இதுல பெரிய சைஸ் இருக்கா?" என்று என்னைக் கேட்கிறார்கள். ஒரு அம்மாள் உடைந்த முட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் திணித்து, "போன தடவையும் இப்படித்தான் குடுத்தீங்க" என்று திட்டினார். மன்னிப்புக் கேட்டுவிட்டேன், வேறு என்ன செய்வது. வாசலில் அதே காவலாளி. கோட்டு போட்டிருக்கிறேனே, இந்தத் தடவை தலையாட்டி அனுப்புவான் என்று நிமிர்ந்து நடந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோட்டு புதுசா இருக்கே. ரசீது இருக்கா?" என்றான். தலைப்பட்டிக்கு ரசீது இருக்கிறது மச்சான். உடம்பில் போட்டிருக்கிற கோட்டுக்கு ரசீது வைத்துக்கொண்டு நடக்கிற மனிதனை நீ பார்த்திருக்கிறாயா? அவனுக்குப் புரியவைத்து வெளியே வருவதற்குள் நேரம் ஓடிவிட்டது. குல்லா போட்டால் திருடன், கோட்டு போட்டால் கோட்டுத் திருடன்.

வேர்க்க விறுவிறுக்க அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் அட்டை மாட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். டிக்கெட்டை எடுத்து, இப்படித்தான் நீட்ட வேண்டும் என்று நான் எத்தனையோ பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி, எழுத்து தெரியும்படி நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. "சர்வீஸ் ஆளுங்க எல்லாம் பின்பக்கம். லேட்டு வேற" என்றாள். "அம்மா, டிக்கெட் இருக்கு, முன் வரிசை" என்றேன். "யாரு தொலைச்சதோ அவங்ககிட்ட குடுத்துடுங்க, முதல்ல பின்னால போங்க" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் வந்தவருக்குச் சிரித்தாள். அவர் யார் என்று நினைக்கிறாய்? என்னைப் போலவே கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை. தைத்தவனே வந்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் முகம் மட்டும் அந்தப் பெண்ணைப் போல வெளுப்பு, நம் நிறம் இல்லை. அவர் டிக்கெட்டைத் தேடிப் பையைத் துழாவ, "பரவாயில்லை சார், உள்ள போங்க" என்கிறாள். டிக்கெட் இல்லாதவர் உள்ளே, டிக்கெட் உள்ளவன் பின்வாசலுக்கு. என் தொழிலையே காலில் போட்டு மிதித்த மாதிரி இருந்தது எனக்கு. சத்தம் போட்டிருப்பேன். ஆனால் உள்ளே மணி அடித்துவிட்டது, சின்னவள் மேடைக்கு வரப்போகிறாள், சண்டை போடுவதா, உள்ளே போவதா? பின்பக்கம் ஓடினேன்.

பின்வாசலில் பரிமாறுகிறவர்களின் தலைவன் ஒருவன், கழுத்தில் போ டை என்கிற வில்லுப்பட்டை கட்டியவன், "எங்கய்யா போனீங்க இவ்ளோ நேரம்?" என்று ஒரு தட்டைத் தூக்கி என் கையில் வைத்துவிட்டான். தட்டு நிறையக் கண்ணாடித் தம்ளரில் பழச்சாறு. "நான் வேலைக்காரன் இல்லப்பா, பாட்டுக் கேக்க வந்தவன்" என்றேன். "எல்லாரும் கேக்கத்தான் வர்றோம், நடங்க" என்றான். நடந்தேன். நடந்தால் ஆச்சரியம், தட்டைப் பார்த்ததும் ஒவ்வொரு கதவையும் யாராவது ஒருவர் எனக்காகத் திறந்து பிடிக்கிறார்கள். டிக்கெட்டுக்குத் திறக்காத கதவெல்லாம் தட்டுக்குத் திறந்தது. நேரே முன் வரிசைக்குப் போனேன். நடு நாற்காலியில் உன் அக்கா எனக்காகக் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். பக்கத்தில் போய்க் குனிந்தேன். மேடையையே பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமல் தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு "தேங்க்ஸ்" என்றாள். என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள். மற்றவர்களை நான் என்ன சொல்ல? "நான்தாண்டி" என்று சொல்லி உட்காரப் போனேன், அதற்குள் வில்லுப்பட்டைக்காரன் வந்து முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போய்விட்டான். "விருந்தாளிங்க சீட்டுல உக்காருறீங்களே, வேலை வேணுமா வேணாமா?" விளக்கு அணைந்தது. அந்த இன்னொரு கோட்டுக்காரர் எங்கே என்று பார்த்தேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சின்னவள் மேடைக்கு வந்தாள். வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு முன் வரிசையைப் பார்த்தாள். நடு நாற்காலியில் கைப்பை. வில்லைத் தூக்கினாள், மறுபடி இறக்கினாள். டீச்சர் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டுகிறார், குழந்தை அசையவில்லை. கீழ் உதடு பிதுங்க ஆரம்பித்துவிட்டது. இருட்டில் நான் சுவரோரம் நிற்பது அவளுக்குத் தெரியாது. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் காலைத் தட்டத் தொடங்கினேன். வீட்டில் தட்டுகிற அதே தட்டு. என் கால் ஆட ஆட உடம்பு ஆட, உடம்பு ஆட ஆட தட்டு ஆட, தட்டில் இருந்த தம்ளர்கள் ஒன்றோடு ஒன்று மோதி கிளிங், கிளிங், கிளிங் என்று அரங்கம் முழுவதும் கேட்டது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வில்லுப்பட்டைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தான். சின்னவளும் திரும்பினாள். சிரித்தாள். அந்தச் சத்தத்திலேயே வில்லை எடுத்து ஆரம்பித்தவள் கடைசி வரைக்கும் ஓரிடத்தில்கூடத் தப்பவில்லை. பழச்சாறு முழுவதும் நீ அனுப்பிய கோட்டில்.

முடிந்ததும் அவள் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "தாத்தா, நீங்க இங்க வேலை பாக்குறீங்களா?" வேலை பார்ப்பதில் ஒன்றும் கேவலம் இல்லை மச்சான், நானும் காக்கி போட்டு உழைத்தவன்தான். ஆனால் என் பேத்தி அதைக் கேட்டபோது என் கோட்டைப் பார்க்கவில்லை. அங்கே தட்டு ஏந்தி நின்றிருந்த மற்றவர்களைப் பார்த்தாள், எல்லோரும் நம் நிறம். அப்புறம் என் கையைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். "இல்லம்மா, நின்னுக்கிட்டுக் கேட்டாத்தான் நல்லாக் கேக்கும், அதான்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அடுத்த தடவை எல்லாரையும் நிக்கச் சொல்லலாம் தாத்தா" என்றாள். அந்தக் குழந்தைக்குத் தெரிந்த நியாயம்கூட அந்த வாசலில் நின்றவளுக்குத் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை.

இப்போது சொல், உடுப்பிலா தப்பு? சட்டையை மாற்றச் சொன்னாய், மாற்றினேன். தோலை எந்தக் கடையில் கொடுத்து மாற்றுவது? உன் கடையில் கட்டோடு தேங்கியிருக்கிறதா? பார்த்த மாத்திரத்தில் ஒரு மனிதனை எடை போடுகிறவன், கண் இருந்தும் குருடன். ஒரு வார்த்தை, "நீங்க யாருங்க?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா? நான் இதுவரை யாரையும் அப்படிப் பார்த்ததில்லை, சாகும் வரை பார்க்கவும் மாட்டேன். ஆகவே எனக்கு இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். தப்பு அத்தான் பேரில் இல்லை என்று உன் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும். கறை படிந்த இந்தக் கோட்டை நீயே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. அவள் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். சின்னவனைப் படிக்கச் சொல், பெரியவனுக்கு நல்ல வேலை அமைய என் ஆசி. உனக்கும் ஆசிதான், கோபம் ஆறியபிறகு தபாலில் வந்து சேரும்.

இப்படிக்கு,
யாரையும் பார்வையால் எடை போடாத உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. உன் அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். கதவில் இருக்கும் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். வாட்டசாட்டமான ஒருவன், தாடி, தலையை மூடிய சட்டை, தோளில் பெரிய மூட்டை, நம் நிறம். எனக்குத் திக்கென்றது. கடைக் காவலாளி சொன்னானே, என்னை விட ஒரு அடி உயரம், சுருட்டை முடி, அதெல்லாம் மனதில் ஓடியது. அவன் சிரித்துக்கொண்டே கையில் எதையோ எடுத்துத் துளைக்கு நேராகக் காட்டினான். நான் அதைப் பார்க்கவில்லை. சங்கிலியை மாட்டிவிட்டு, கீழே காவலாளிக்குப் போன் போட்டு, "சந்தேகத்துக்கு இடமா ஒருத்தன் மேல வந்து நிக்கிறான், பிடிச்சு வை" என்றேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். காவலாளி அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். அவன் முதுகில் மஞ்சளாக ஒரு கழுகு. கோழி மாதிரி இருந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டு நின்றேன் மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நின்று யோசித்தேன்.

அப்போது காவலாளி போன் செய்தான். "சார், உள்ள விடும்போதே நான் இவரைக் கேட்டேன் சார், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி, எல்லாரையும் கேக்கற மாதிரி. உங்க வீட்டுக்குன்னாரு. இந்த ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, சொல்லாம வந்து மாமாவை அசத்தப் போறேன்னாரு. ஒரு போட்டோ காட்டினாரு, அதுல உங்க தோள்ல ஒரு பையன் உக்காந்திருக்கான். சரியா இருந்துச்சு, விட்டேன். இப்போ நீங்க பிடிக்கச் சொன்னீங்க, பிடிச்சு உக்கார வச்சிருக்கேன். அவரு ஒண்ணும் சத்தம் போடலை சார். மாமா ஏன் யாருன்னு ஒரு வார்த்தை கேக்கலைன்னு மட்டும் திரும்பத் திரும்பக் கேக்கறாரு. நான் என்ன சார் சொல்லட்டும்?"

"நானே வந்து சொல்றேன்" என்று போனை வைத்தேன். உன் அக்கா ஈரத்தலையோடு வந்து அந்தக் கோட்டை எடுத்து நீட்டினாள், வேண்டாம் என்றுவிட்டேன். என் சாம்பல் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே போகிறேன். எழுதித் தரச் சொன்னேனே, அதை நீ எழுத வேண்டாம். முதல் பத்தியில் கதவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன், அதை அடிக்க எனக்கு நேரமில்லை, நீயே அடித்துக்கொள்.